தொடாமல் விட்ட கட்டி

"ரெண்டாவது கட்டியை எங்கேண்ணே ஒளிச்சு வெச்சீங்க?"

டாக்டர் ஒத்கோன் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த தம்தினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஹோர்லோவுக்குத்தான் உயிரே போய்விட்டது. மேய்ச்சல் நிலத்திலிருந்து இரண்டு நாள் ஜீப்பில் குலுங்கித் தலைநகர் உலான்பாதருக்கு வந்ததே இந்த ஸ்கேனுக்காகத்தான்.

"வளர்ந்துடுச்சா டாக்டரம்மா? மறைக்காம சொல்லிடுங்க."

"வளர்றதா? ஆளையே காணோம்கிறேன் அக்கா! இங்க வந்து பாருங்க."

மூன்று மாதத்துக்கு முன் தம்தினின் ஈரலில் இரண்டு புற்றுக் கட்டிகள் இருந்தன. ஒன்றை ஊசி விட்டுச் சுட்டுக் கருக்கினாள் ஒத்கோன். இன்னொன்று பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஊசியை நீட்டினால் ஆளே போய்விடுவார். அதைத் தொடாமல் விட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினாள். வளரவிடாமல் பிடித்து வைத்தாலே பெரிய விஷயம் என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது திரையில் சுட்ட வடு மட்டும் இருந்தது. குழாய் ஓரம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"அம்மாடியோ!" ஹோர்லோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அது எப்படிங்க தானா கரையும்?"

"தானா கரையறதும் உண்டுன்னு படிச்சிருக்கேன். நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்குக்கா. கட்டியை நம்ம வீட்டு ஆளுன்னு நம்பி ஏமாந்துக்கிட்டு இருக்கும். ஒண்ணைச் சுட்டோம்னா, அந்தச் சிதறலைப் பார்த்து, 'அடப்பாவி, நீயா!'ன்னு முழிச்சுக்குமாம். அப்புறம் அதோட கூட்டாளி எங்க பதுங்கி இருந்தாலும் தேடிப் போய் அடிக்குமாம். ஆனா இருபது வருஷத்துல ஒரு தடவைகூட நான் கண்ணால பார்த்ததில்லை. இது மாத்திரை பண்ணின வேலைதான். ஒழுங்கா சாப்பிட்டீங்களாண்ணே?"

தம்தின் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுகூடத் தொடலை டாக்டரம்மா. எனக்கு மாத்திரைன்னாலே குமட்டும்."

"அவர் தொடலை. நான் விட்டுடுவேனா?" ஹோர்லோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தினமும் மாத்திரையைப் பொடிச்சு, காலையில கறி வெச்சு அவிக்கிற பூஸ் கொழுக்கட்டைக்குள்ள திணிச்சுக் கொடுத்துட்டேன். ஒரு நாள் விடலை!"

"பூஸுக்குள்ளயா?" தம்தினின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒத்கோன் விழுந்து விழுந்து சிரித்தாள். "டாக்டர் பட்டத்தை உங்களுக்குத்தான்கா கொடுக்கணும். நாளைக்கே எல்லா டாக்டரையும் கூப்பிட்டு, மாத்திரை பண்ணின அதிசயத்தைப் பாருங்கன்னு காட்டப் போறேன். எங்கே, உள்ளங்கையைக் காட்டுங்கண்ணே. உரிஞ்சு வெடிச்சிருக்குமே? இந்த மாத்திரை லேசுல யாரையும் விடாது."

நீட்டினார். குதிரைக் கயிறு பிடித்துக் காய்த்த கை. ஒரு கீறல்கூட இல்லை.

"ஆச்சரியமா இருக்கே!"

"அவருக்கு ஒண்ணும் இல்லை," என்றாள் ஹோர்லோ. "எங்க நாய் பாசருக்குத்தான், பாவம், மூணு மாசமா நாலு பாதமும் உரிஞ்சு நொண்டி நொண்டி நடக்குது. நாய்க்குப் போடற மாதிரி களிம்பு ஏதாவது இருந்தா கொடுங்களேன்."

களிம்பு எழுதப் போன ஒத்கோனின் பேனா நின்றது. மெல்லத் தம்தின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத்தான் பசியே இல்லையே டாக்டரம்மா," என்றார் அவர் மனைவியைப் பார்க்காமல். "இவ மனசு நோகக் கூடாதேன்னு, 'நடந்துக்கிட்டே தின்னுக்கறேன்'னு சொல்லி பூஸை வெளியே எடுத்துட்டுப் போயிடுவேன். வாசல்ல பாசர் காத்துக்கிட்டு இருக்கும்."

"தினமுமா?"

"ஒரு நாள் விடலை."

ஒத்கோன் திரையையும் தம்தினையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது வருஷமாகப் புத்தகத்தில் மட்டுமே படித்தது, எதிரே தொப்பியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.