இடப்பக்கம் ரெண்டு, மேலே ஒண்ணு

"இடப்பக்கம் ரெண்டு. மேலே ஒண்ணு. குனி, குனி, குனி... இப்ப எந்திரி. சுடுடா."

சோபா மேல் ஏறி நின்று மைனா கத்திய கத்தலில், பெரியப்பாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

மைனா என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அச்சு அசலாக இறக்கிவிடுவாள். தலைமை ஆசிரியையின் இருமல், எதிர்வீட்டு நாயின் கொட்டாவி, எல்லாம் கைவசம். ஆனால் கூட்டம் சேர்வதென்னவோ அக்கா புருஷன் குரலுக்குத்தான்.

"தினமும் இதே கூத்துதானா?" என்றார் பெரியப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"வேலை விட்டு வந்ததும் ஷூவைக் கழட்டுவாரு, ஹெட்போனை மாட்டி வீடியோ கேம்ல உக்காருவாரு. அவ்வளவுதான்ணா, ஆகாசத்துக்குப் போயிடுவாரு," என்றார் அப்பா. "லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வர்றது பத்தலை போல."

"ஏதோ மூணு சூரியன் இருக்கிற கிரகமாம் பெரியப்பா. அங்க நின்னுக்கிட்டு மாமா பூமியைக் காப்பாத்துறாராம்," என்றாள் மைனா.

"சமையல்கட்டுல பல்பு எரியாம ஒரு வாரமாச்சு. அதைக் காப்பாத்த ஆளைக் காணோம்," என்றாள் அம்மா.

பெரியப்பா யோசித்தார். "அது சரி, கண்ணு முன்னாடிதானே படம் ஓடுது? அப்புறம் எதுக்குக் கத்தணும்?"

"அதான் வேடிக்கையே. கூட இன்னொரு தடியன் அவன் வீட்டுல உக்காந்து விளையாடுறான். அவன் வீட்டு டிவியிலயும் இதே படம்தான் ஓடும். அவனுக்கு மாமா இங்கேர்ந்து வர்ணனை," என்றாள் மைனா.

"சரியான ஜோடிதான். கல்யாணம் ஆன ஆம்பளைங்க பண்ற வேலையா இது?"

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவர் சும்மா ஒண்ணும் விளையாடலை, பெரியப்பா."

"பின்னே, சம்பளத்துக்கா?"

மறுபடி சிரிப்பு. அக்கா என்னவோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

"வீட்டோட மாப்பிள்ளையாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கோம்ணா," என்றார் அப்பா. "நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன். ஆள் வெளியே வரட்டும், ரெண்டுல ஒண்ணு கேட்டுடுறேன். ஒண்ணு அந்த கேம் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகணும், இல்லே அவர் போகணும்."

அறைக் கதவு திறந்தது. மாமா கைபேசியும் காதுமாக வந்தார். "கதவு திறக்கலையா? உள்ளே ஆள் இருக்கா? நெம்பாதீங்க, நான் சொல்றபடி செய்யுங்க..." யாரையும் பார்க்காமல் பால்கனிக்குப் போய்விட்டார்.

மைனாவின் கண் மின்னியது. "பெரியப்பா, காதைத் தீட்டி வச்சுக்குங்க. அந்தத் தடியனையே ஏமாத்திக் காட்டுறேன்."

அறைக்குள் ஓடி, கதவை அகலத் திறந்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் செக்கச் சிவந்த பாலைவனம். நடுவே கொதிக்கும் நெருப்பு ஏரி. கரையில் இரும்புக் கவசம் போட்ட ஒரு வீரன், துப்பாக்கியோடு அசையாமல் நின்றான்.

"வந்துட்டேன்டா," என்றாள், மாமாவின் அடித்தொண்டையில்.

"அதுக்குள்ளயா? லிஃப்ட்ல மாட்டின ஆளு வெளியே வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு. வழி சுத்தமா இருக்கு. நேரா நட."

வீரன் நேராக நடந்தான். தயங்கவே இல்லை. கோயில் குளத்தில் படியிறங்குவதுபோல நெருப்புக்குள் இறங்கி, புஸ்ஸென்று கருகிப்போனான்.

மைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு மறுபடி மாமாவானாள். "ஏன்டா, எதிர்ல ஏரி மாதிரி நெருப்பு எரியுது. பாத்து நடக்க மாட்டே?"

அந்தப் பக்கத்திலிருந்து வெடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

"நல்லாக் கேட்டேடா. லிஃப்ட் கம்பி அறுந்து மூஞ்சியில அடிச்சு, கண்ணு ரெண்டும் போனதுலேர்ந்து என்னைக் கிண்டல் பண்ண ஒரு நாதியில்ல. வீட்டுல எல்லாரும் என்கிட்ட எழவு வீட்டுல பேசுற மாதிரிதான் பேசுறாங்க. உன் வாய் இருக்கவேதான் நான் தினம் கொஞ்ச நேரம் எதையாவது பாக்குறேன்."

மைனாவின் கை வாயிலிருந்து இறங்கியது.

"சரி, செத்தது செத்தாச்சு. நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள சொல்லு, இன்னிக்கு சூரியன் மூணும் எப்படி இருக்கு?"

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னடி, சத்தத்தையே காணோம்? பெரியப்பா காத்துக்கிட்டு இருக்காருல்ல?"

மைனா நிமிர்ந்து திரையிலிருந்த வானத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் அந்த அறையை எட்டிப் பார்த்தும், மாமாவின் வாயைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"இடப்பக்கம் ரெண்டு," என்றாள். மாமாவின் குரலிலேயே. "பெருசு நல்ல சிவப்பு. சின்னது அது முதுகுக்குப் பின்னால பாதி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. மேலே ஒண்ணு. வெள்ளையா, தனியா..."

கூடத்தில் பெரியப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அப்படியே நம்ம மாப்பிள்ளைதான்," என்றார் அப்பா.