ஒரு நெல்லளவு சாய்வு

வள்ளியின் தலை சாய்ந்திருந்தது.

சதாசிவம் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். தோளில் இருந்த செம்பு மூட்டையை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

காலையில் அவர் கிளம்பும்போது நேராகத்தான் இருந்தாள். நெற்றிப்பொட்டிலிருந்து நூல் விட்டுப் பார்த்த பிறகுதான் சிகாமட் ஸ்டேஷனுக்குப் போனார். ரயிலில் வந்த செம்பை வாங்கிக்கொண்டு மாட்டு வண்டியில் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்புவதற்குள் உச்சிவெயில் ஆகிவிட்டது.

வள்ளி இன்னும் வெண்கலம் ஆகவில்லை. மெழுகுதான். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சிப் பிசைந்து அவர் உருட்டி உருட்டி எடுத்த உருவம். நாளை அதன்மேல் மண் பூச வேண்டும். மண் காய்ந்ததும் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் போய் உட்காரும்.

மெழுகில் இருக்கும் கோணல் வெண்கலத்திலும் இருக்கும். சாமிக்குக் கோணல் ஆகாது. தலையை வெட்டிப் புதிதாகச் செய்யலாம் என்றால் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, தெய்வானை வேறு பாக்கி.

மலாயாவின் ஜொகூர் வெயிலுக்கு மெழுகு தாங்காது என்று தெரிந்துதான் மனைவி வெள்ளையம்மாவைக் காவல் வைத்துவிட்டுப் போனார். உருவத்தின் மேல் போட்ட ஈரத்துணி காயக் காய மாற்றிக்கொண்டே இரு என்று சொல்லியிருந்தார்.

வெள்ளையம்மா மூலையில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். துணி அவள் கையில் இருந்தது.

சத்தம் போடத்தான் வாயைத் திறந்தார்.

போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து, கொய்னா மருந்தைக் குடித்துக் குடித்து எழுந்தவள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்தால் உங்களுக்குச் சோறு இறங்காது என்று சொல்லி, யார் பேச்சையும் கேட்காமல் அவரோடு கப்பலேறி வந்தவள்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பின்னாலேயே வீரமுத்து வந்தார். தோட்டத்துப் பெரிய கங்காணி. ரப்பர் விலை ஏறிய அந்த 1925ஆம் வருஷத்தில், நம் தோட்டத்துக் கோயிலுக்கும் பஞ்சலோக முருகன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று கப்பல் சீட்டு அனுப்பியவர். பால்மரம் சீவுகிறவர்கள் அவர் குரல் கேட்டாலே ஓரம் ஒதுங்குவார்கள்.

"அலமாக்! தல சாஞ்சிருச்சே ஸ்தபதி ஐயா! யாரு பாத்துக்கிட்டது?"

கேட்டுக்கொண்டே அவர் பாயின் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சாய்ச்சேன்" என்றார் சதாசிவம்.

தொழில் விஷயத்தில் அவர் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. கும்பகோணத்திலிருந்து பினாங்கு வரை அவருக்கு இருந்த பெயரே, சதாசிவம் வார்த்தால் நூல் பிசகாது என்பதுதான். கடல் தாண்டிப் போன அவருடைய சாமிகளைப் பார்த்து எல்லோரும் சரியாக இருக்கிறது என்றார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரியும்.

வீரமுத்து கிட்டே போனார்.

போன மாதம் வார்த்த முருகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கமாகத்தான் வள்ளியின் தலை ஒரு நெல்லளவு சாய்ந்திருந்தது. கங்காணி முருகனைப் பார்த்தார். வள்ளியைப் பார்த்தார். மறுபடி முருகனைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவரு என்னமோ சொல்றாரு. ஆத்தா கேட்டுக்கிட்டிருக்கு."

அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது தோட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இந்தக் கை வேற யாருக்கு வரும் ஐயா! இருங்க, எங்க வீட்டுக்காரியக் கூட்டியாறேன்."

அவர் போன பிறகுதான் சதாசிவம் மூட்டையை இறக்கினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். கங்காணி சொன்னது உண்மைதான். இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து இப்படி ஒருத்தி வந்ததில்லை. வெயிலுக்கு இவ்வளவு தெரியுமா என்று நினைத்தபடி கிட்டே போனார்.

அப்போதுதான் உறைத்தது.

வெயிலில் மெழுகு இளகினால் மெல்லிய இடங்கள்தான் முதலில் தொங்கும். விரல் நுனி, காதுத் தோடு, மாலையின் இதழ். அவையெல்லாம் செதுக்கிய மாதிரியே கூராக இருந்தன.

உருவத்தின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

பிடரியில், கொண்டைக்குக் கீழே, ஒரு கட்டைவிரலின் தடம். அவர் விரலில் பாதிதான் இருக்கும்.

வெள்ளையம்மா, சிற்பி சபாபதியின் மகள். அப்பாவின் பட்டறையில் மெழுகை உருட்டியே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில், இனிமேல் மெழுகைக் காய்ச்சு, மண்ணைப் பிசை, உருவத்தில் மட்டும் கை வைக்காதே என்று அவளிடம் சொன்னவர் சதாசிவம்தான். அவளும் வைக்கவில்லை, இன்றுவரை.

சூட்டுக்கோலை எடுத்தார். தடத்தை இழைத்துவிட ஒரு நொடி போதும். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார். வெண்கலத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாயைப் பார்த்தார். அவள் அசையவில்லை. ஆனால் மூச்சு தூங்குகிறவளின் மூச்சாக இல்லை.

தொட்டித் தண்ணீரில் கிடந்த மெழுகில் ஒரு பிடி பிய்த்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் தெய்வானைய ஆரம்பிக்கல. முகத்த நீ எடு, வெள்ள."

வெள்ளையம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.