ஆறிய இரண்டு கைகள்

தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அக்கா, தங்கையின் இடது கையில் கருவியை வைத்தாள். தோலிலிருந்து ஆவியாகும் ஈரத்தின் அளவு, ஒரே மாதத்தில் முப்பத்திரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. பாத்திரச் சோப்பால் வெடித்ததாக அவள் சொன்ன தோல் மூடிக்கொண்டுவிட்டது.

"நம்ம கம்பெனியோட புது கிரீம் வேலை செய்யுதுடி."

வலது கையிலும் ஒன்பதுதான்.

"இடது கையில மட்டும்தானே பூசச் சொன்னேன்? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கை சும்மா இருக்கணும், கழுத."

"ஞாபகமில்லாம பூசிட்டேன்க்கா. என்னைச் சோதனையை விட்டுத் தூக்கிடுவியா?"

அக்கா சிரித்துக்கொண்டே வலது கையின் அளவைப் பதிவேட்டிலிருந்து அடித்து நீக்கிவிட்டாள்.

"உன் வீட்டுக்காரர் வெளியூர் போய் ஒரு மாசமாச்சே, எப்ப வர்றாராம்?"

"நாளைக்கு."

மறுநாள் அவன் வந்தான். அவள் தலையைச் சுவரில் மோதியே கொன்றான். பக்கத்து வீட்டார் கதவை உடைத்து நுழைந்தபோது, செத்தவளின் இரு கைகளையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளிக்குள் அழுத்திப் பிடித்திருந்தான்.

"எப்பவும் இப்படித்தான் திருத்துவேன்" என்றானாம் போலீஸிடம்.

தங்கையின் அலமாரியை ஒழித்தபோது அக்காவின் கையில் அந்த கிரீம் டப்பா கிடைத்தது. சீல் பிரிக்கப்படவே இல்லை.

கடைகளில் விற்கும் டப்பாக்களில் இன்றும் அச்சாகியிருக்கிறது: "முப்பதே நாளில் பலன்."