சொந்தத் தொண்டை

குணாளன் வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தான். மரத்துப்போன நாக்கை அமுக்கிக்கொண்டு, வளைந்த கருவி ஒன்று அவன் தொண்டைக்குள் மெல்ல இறங்கியது. சுற்றி நின்ற டாக்டர்கள் மேசைமேல் இருந்த சின்னத் திரையையே பார்த்தார்கள்.

கருவியைப் பிடித்திருந்தது அவனுடைய கைதான். அவன் நோயாளி இல்லை, விற்பனையாளன்.

மூச்சு முட்டிக் கிடப்பவருக்கு அவசரமாகக் காற்றுக் குழாய் போடும்போது, அந்தக் கருவியின் முனையில் இருக்கும் கேமரா உள்ளே போகும் வழியைத் திரையில் காட்டும். அதைத் தூக்கிக்கொண்டுதான் ஜொகூர் மாநிலம் முழுக்க மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினான். முதலில் ரப்பர் பொம்மைத் தலையைத்தான் கொண்டுபோனான்.

"பொம்மைக்கு எச்சில் ஊறுமா? குமட்டுமா?" என்று எவரோ ஒரு டாக்டர் கேலி செய்துவிட்டார். அன்றிலிருந்து மரப்பு மருந்தை அடித்துக்கொண்டு சொந்தத் தொண்டையையே திறந்து காட்டிவந்தான். திரையில் தெரியும் படம் எதிரே நிற்பவர்களுக்கு. அவனுக்குத் திரையின் முதுகுதான்.

காலையில் ஆயர் ஈத்தாமில் ஒரு கிளினிக், "பட்ஜெட் இல்ல லா" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டது. குளுவாங்கில் இந்தத் தனியார் மருத்துவமனைதான் கடைசி நம்பிக்கை. "இதுவும் போகலேன்னா, கம்பெனி கார் சாவிய தெப்ராவ் ஆபீஸ்ல வெச்சிட்டு வேற வேலை பாரு" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து மனைவி பிரேமலாவுக்குப் போன் செய்தபோது, "யாருங்க பேசறது?" என்று கேட்டாள்.

"நான்தான் லா."

"அலமாக், தவளையாக்கும்னு நெனச்சேன்! கத்திக் கத்தியே வித்தா தொண்டை என்னாகும்? புளிப்பா ஒரு அசாம்போய் எடுத்து வாயில போட்டுச் சப்புங்க."

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தவன், இப்போது வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சர்க்கஸ்ல வாள் முழுங்குவாங்களே, அது மாதிரி இருக்கு மேடம்" என்றார் இளம் டாக்டர் யுகேந்திரன்.

"இவரு கேமரா வர்றதுக்கு முன்னாடி நாம டியூப் போடலியா? எனக்கு என் கண்ணு போதும்பா." மயக்க மருந்துத் துறைத் தலைவி டாக்டர் சுபத்ரா சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவர், பாதியில் சிரிப்பை நிறுத்தினார்.

"குணா, கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க. ஹான், அங்கேயே நிறுத்துங்க."

நிறுத்தினான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இத பெரிசு பண்ணிப் பார்க்க முடியுமா?"

வாய்க்குள் கருவி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டை விரலை உயர்த்தினான்.

"படத்த பதிவு பண்ணி வெச்சுக்கலாமா?"

மறுபடியும் கட்டை விரல். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள். வாங்கப்போகிறவர்கள்தான் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். தொழிலில் அவன் கண்ட பாடம் அது.

"யுகேந்திரன், மேல போய் டாக்டர் நாராயணன கையோட கூட்டிட்டு வாங்க."

நாராயணன் காது மூக்கு தொண்டைத் துறைத் தலைவர். இரண்டு துறைத் தலைவர்கள் தலையாட்டினால்தான் இங்கே எந்தக் கருவியும் உள்ளே வரும் என்பது குணாளனுக்குத் தெரியும். மெல்லக் கருவியை வெளியே எடுத்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டான்.

"டாக்டர், வேணும்னா ஒரு வாரம் இங்கேயே வெச்சு..." குரல் கரகரத்து நின்றது.

"பேச வேணாம் குணா. தொண்டைக்கு ஓய்வு கொடுங்க." சுபத்ரா தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடைசியா எப்ப சாப்டீங்க?"

"காலைல ரொட்டி சானாய்தான் டாக்டர்."

சாப்பாடு வாங்கித் தரப்போகிறார் போல. இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. களைத்த உடம்பு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் இளகிச் சாய்ந்தது.

நாராயணன் வேகமாக வந்தார். கருவியை எடுத்துப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. திரையில் நின்றுகொண்டிருந்த படத்தை மட்டும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சுபத்ராவைப் பார்த்துத் தலையாட்டினார். சுபத்ராவும் தலையாட்டினார்.

இரண்டு தலைகள். குணாளன் மேசைக்கடியில் போனை மறைத்து, 'வித்திருச்சு. கார் நம்மகிட்டதான்' என்று பிரேமலாவுக்கு அனுப்பினான். அப்புறம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"ரொம்ப நன்றி டாக்டர். மெஷினப் பத்தி வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்று நாராயணனைக் கேட்டான்.

அவர் சுபத்ராவைப் பார்த்தார். சுபத்ரா குணாளனின் கையைப் பிடித்து, திரும்ப நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அவரு மெஷினப் பார்க்க வரல, குணா. உங்க தொண்டையில இருக்கிற கட்டியப் பார்க்க வந்தாரு."