எல்லாரும் பார்க்கலாம்

கள்ளிக்காடு சர்ச்சில் கல்யாணம் முடிந்து, மணமக்களோடு போட்டோ எடுக்க எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். சுகிர்தபாய்க்கு மட்டும் முகமெல்லாம் வியர்த்து வழிந்தது.

"ஜினி நல்ல எடத்துக்குத்தானே போறா. பெரியம்மை எதுக்கு இப்பிடிக் கலங்குதிய?" என்று யாரோ தோளைத் தட்டினார்கள்.

அவள் கலங்கியது தங்கை மகளுக்காக இல்லை. அவளோடு கையுறைக் கம்பெனியில் வேலை பார்க்கும் லேகா, கல்யாணத்துக்கு வந்த இடத்தில் சும்மா சொன்ன ஒரு பேச்சுக்காக.

"சேச்சி லீவுண்ணு ஓவன நிறுத்தல கேட்டியளா. ஆஸ்பத்திரி ஆர்டர் அவசரமாம். இன்னைக்கு மோகனன் அண்ணனாக்கும் ஓவன்ல நிக்காரு. கம்ப்யூட்டர்லதான் எல்லாம் உண்டே!"

குளத்தூரில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றெட்டில். அதுவரை வேலை விவரமெல்லாம் அவரவர் மனசிலும் மேசை டிராயரிலும் கிடந்தது. புது மேனேஜர் ஜெயதாஸ் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அவங்கவங்க வேலைய ஒரு பக்கத்துக்கு எழுதி இந்தக் கம்ப்யூட்டர்ல போடணும். எல்லாரும் பாக்கலாம். இனிமே ஒராளு வரலேண்ணு வேலை நிக்கப்பிடாது."

ஆள் வராவிட்டாலும் வேலை நிற்காது என்றால், ஆளே வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து சுகிர்தபாய்க்குச் சோறு இறங்கவில்லை. ரப்பர் பாலில் முக்கியெடுத்த கை அச்சுகளை ஓவனில் எந்தச் சூட்டில் வேகவைக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். கம்பெனியில் அவளுக்கிருந்த ஒரே பிடி அது.

முதலில் எழுதிக் கொடுத்தது கலவைப் பிரிவு மோகனன்தான். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகும் மோகனன் கலவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்தான்.

இழுத்தடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சுகிர்தபாயும் எழுதினாள். சூட்டை மட்டும் இருபது டிகிரி கூட்டி எழுதினாள். தான் இருக்கும்போது அதை யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் லீவு போட்டால் எப்போதும் ஓவனை நிறுத்திவிடுவார்கள்.

இன்று நிறுத்தவில்லை.

அந்தச் சூட்டில் வெந்த கையுறை பார்வைக்குக் குறையில்லாமல்தான் இருக்கும். விரலை நுழைத்து இழுத்தால் கிழியும். ஆபரேஷன் மேசையில், ஒரு டாக்டரின் கையில் வைத்துக் கிழிந்தால்? மேற்கொண்டு நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சர்ச்சுக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து கம்பெனிக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"எக்கா, பந்தி தொடங்கப் போவுது. எங்க போற?" தங்கை ஞானபாய் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இப்ப வாறேன் மக்கா."

"மாப்பிள வீட்டுக்காரங்க கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

சுகிர்தபாய் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒற்றசேகரமங்கலத்தில் ஆள் ஏற்றுவதற்காக நின்றபோது, இறங்கிக் கம்பெனிக்கு ஓடியே போய்விடலாமா என்றிருந்தது. நெய்யாற்றின்கரையில் குளத்தூர் பஸ் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓர் ஆட்டோவை மறித்தாள்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். வழி நெடுக அதையே தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி வாசலில் வேன் நின்றது. பெட்டிகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"எறக்கு! எல்லாத்தையும் எறக்கு!" என்று கத்தியபடி ஒரு பெட்டியைப் பிரித்தாள். கையில் வந்த உறையை மாட்டி, விரல்களை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

கிழியவில்லை. இன்னொன்றை எடுத்து இழுத்தாள். அதுவும் ஜவ்வாக நீண்டு திரும்பி வந்தது.

சத்தம் கேட்டு மோகனன் வெளியே வந்தான். "என்ன சேச்சி, கல்யாணப் புடவையோட?"

"ஓவன்ல எவ்வளவு சூடு வச்சே?"

அவன் சொன்னான். அவள் மனசில் இருந்த அதே சூடு.

சுகிர்தபாய் அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. "கம்ப்யூட்டர்ல நான் தப்பா எழுதி வச்சிருந்தேன் மோகனா. வேணும்ணே எழுதினேன். என்னைய வேண்டாம்ணு சொல்லிருவாவளோண்ணு பயந்துட்டேன்."

மோகனன் கோபப்படவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியும். மொதல்ல கொஞ்சம் அச்ச மட்டும் வச்சுப் பாத்தேன். இழுத்ததும் கிழிஞ்சிட்டு. சூட்டக் கொறச்சுக் கொறச்சுப் பாத்து, சரியா வந்த பொறவுதான் மிச்சத்த ஏத்தினேன்."

"அதான் கம்ப்யூட்டர்ல தெளிவா எழுதியிருந்தேனே. பொறவு எதுக்கு அத நம்பாம சோதிச்சுப் பாத்தே?"

மோகனன் மெல்லச் சிரித்தான்.

"கலவைக்கு நான் கம்ப்யூட்டர்ல என்ன எழுதி வச்சிருக்கேண்ணு எனக்குத் தெரியுமே, சேச்சி."