போடுறதா, எழுதுறதா?

"அந்தம்மாவை வகுப்புல இருந்து எடுத்துடுங்க. இனிமே என்னால முடியாது."

சனிக்கிழமை வகுப்பு முடிஞ்ச கையோட வந்த தபால் சார், என் மேஜை மேல ஒரு நோட்டைப் போட்டார்.

தபால் சார் லேசுல கோபப்படுற ஆள் இல்லை. முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல ஊர்ப்பட்ட கிறுக்கல் விலாசத்தையெல்லாம் படிச்சு ரிட்டயர் ஆனவர். எங்க சமூகக்கூடத்துல கையெழுத்துப் பயிற்சி நடத்துறார்.

எங்க கூடத்தைப் பத்தி நான் பெருமை பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேன்னு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பேசுவேன், எனக்கென்ன? ஒரு டீ குடிக்கிற காசுக்கு இங்கே தையல் கத்துக்கலாம், உடற்பயிற்சி பண்ணலாம், பிரஷர் பார்த்துக்கலாம், மனு எழுதி வாங்கிட்டுப் போகலாம். எல்லாத்துக்கும் பொறுப்பு நான்தான்.

நோட்டைத் திறந்தேன். கோழி கிளறின மாதிரி எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு பேர். அந்தம்மாவோட வீட்டுக்காரர் மேஸ்திரி பேர்.

எட்டு வாரமா இதே கதைன்னார் தபால் சார். பாடத்தை எழுதச் சொன்னா புருஷன் பேரை எழுதி வைக்குதாம். போர்டுல வந்து எழுதுங்கம்மான்னா மணிக்கட்டு வலிக்குதுங்குதாம். வகுப்பே சிரிக்குதாம்.

சிரிக்காம என்ன செய்யும்? அந்தம்மாவுக்கு அம்பது வயசு தாண்டியாச்சு. மேஸ்திரி எங்க தெருவுல பாதி வீட்டைக் கட்டினவர். நாப்பது ஆளை ஒரே அதட்டுல வேலை வாங்குற மனுஷன், சனிக்கிழமை ஆனா சம்சாரத்தோட பையைத் தூக்கிக்கிட்டு வந்து, கடைசி பெஞ்சுல ஒட்டி உட்கார்ந்து, நோட்டு நகராம பிடிச்சுக்கிட்டு இருப்பார். மேஸ்திரிக்கே வீட்டுல ஒரு மேஸ்திரின்னு ஆம்பளைங்க கேலி பண்ணுவாங்க. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்னு பொம்பளைங்க பெருமூச்சு விடுவாங்க.

சேர வந்த அன்னிக்கே அந்தம்மா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க.

"கையெழுத்துப் பயிற்சின்னா, போடுறதா, எழுதுறதா?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அழகா எழுதுறதுக்கும்மா, எழுத வந்தா போட வராதான்னு சொல்லி, கம்ப்யூட்டர்ல நானே பேரைத் தட்டிச் சேர்த்துக்கிட்டேன். அப்பவே சுதாரிச்சிருக்கணும். எழுதப் படிக்கவே தெரியாதவங்களுக்குன்னு செவ்வாய்க்கிழமை தனி வகுப்பு இருக்கு. சனிக்கிழமை வகுப்புக்கோ இன்னும் பதினோரு பேர் இடம் கேட்டுக் காத்திருக்காங்க.

அந்தம்மாவைக் கூப்பிட்டேன். மேஸ்திரி வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தார். நான் சுத்தி வளைக்கலை. செவ்வாய்க்கிழமைக்கு மாறிக்கோங்க, அங்கே அ, ஆவன்னாவில இருந்து சொல்லித் தருவாங்க, இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். எனக்கு ரொம்பப் பெரிய மனசுன்னு எனக்கே ஒரு நினைப்பு.

அந்தம்மா வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

"அக்கா, வர்ற சனிக்கிழமை மட்டும் உட்கார்ந்துக்கறேன். அதுக்கப்புறம் இந்த வகுப்புப் பக்கமே வர மாட்டேன். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். இந்த ஒரு வாரம் மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க."

கண்ணு கலங்கியிருந்தது. எனக்கு மனசு கேக்கலை, சரின்னுட்டேன். அதுக்குத் தபால் சார் ஒரு வாரம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை.

அந்தக் கடைசி வகுப்புக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை, எங்க கூடத்துல புது அறை திறப்பு. வேலைக்குப் போற அம்மாமார் குழந்தைங்களை விட்டுட்டுப் போறதுக்கான அறை. எங்க தெரு ஜனங்களே லீவு நாள்ல வந்து கல்லும் மண்ணும் சுமந்தாங்க. முன்ன நின்னு கட்டிக் கொடுத்தது மேஸ்திரி. அவர் மேடையில கையெழுத்துப் போட்டு அறையை ஒப்படைப்பார்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே போர்டுல எழுதிப் போட்டிருந்தோம்.

தெருவே திரண்டிருந்தது. மேஸ்திரி பேனாவைச் சாந்துக் கரண்டி மாதிரி அழுத்திப் பிடிச்சார். ஒவ்வொரு எழுத்தா, நிதானமா போட்டார். முடிச்சு நிமிர்ந்தப்போ அந்த முகத்தைப் பார்க்கணுமே! நாப்பது வீடு கட்டி முடிச்ச அன்னிக்கும் அப்படி இருந்திருக்க மாட்டார். கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

நான் எட்டிப் பார்த்தேன். அதே கோழிக் கிறுக்கல். புருஷனும் பொண்டாட்டியும் எழுத்துல கூட நல்ல ஜோடிதான்னு நினைச்சுக்கிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

புது அறையைச் சுத்திக் காட்டச் சொல்லி மேஸ்திரியை எல்லாரும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. காகிதத்துல ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும். ஒண்ணு தபால் சார் போட்டுட்டார். இன்னொண்ணு போட வேண்டிய தையல் டீச்சர் கூட்டத்தோட போயிட்டாங்க. பக்கத்துல நின்னது அந்தம்மா மட்டும்தான். சங்கடமா இருந்தாலும் அவங்ககிட்டயே நீட்டினேன். கைநாட்டு வைக்க வசதியா மை டப்பாவையும் நகர்த்தி வச்சேன்.

அந்தம்மா மை டப்பாவைப் பார்த்துச் சிரிச்சாங்க. புருஷன் உள்ளே போயிட்டாரான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் பேனாவை எடுத்து, பேர், விலாசம், தேதின்னு கடகடன்னு எழுதினாங்க.

முத்து முத்தான எழுத்து. தபால் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார்.

அந்தம்மா பேனாவை மூடி என் கையில கொடுத்தாங்க.

"வகுப்புல என் இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க அக்கா. எங்க வீட்டுல இருந்து படிக்க வந்தவரு பாஸாயிட்டாரு."