சின்னவருக்குப் புகை ஆகாது

"கிரகோரி அண்ணே, அந்தக் குப்பைய அணைச்சிடுங்க. வீட்டுல மூச்சு முட்டுற நோயாளி இருக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் கிரகோரி பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை நெருப்பில் ஊற்றினார். "அலமாக்! யாருக்கு, தங்கச்சிக்கா?"

ஜெய்னுலாபுதீன் தொண்டையைச் செருமினார். சொல்லத் தைரியம் வரவில்லை. ஜன்னலிலிருந்து அவர் மனைவி சுலைஹாதான் சொன்னாள்.

"வாத்துக்கு அண்ணே."

கிரகோரி காலி வாளியைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "வாத்துக்கா? உங்க வீட்டுலயா?"

சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு வேலியைத் தாண்டித் தெரிந்தது.

சிரிக்கட்டும். தன்னை நினைத்தால் ஜெய்னுலாபுதீனுக்கே சிரிப்புதான் வந்தது. ஐம்பத்தெட்டு வயது. மூவார் டவுனில் பேர் சொன்னால் தெரிகிற கடை. பள்ளிவாசல் கமிட்டியில் ஒரு நாற்காலி. அப்பேர்ப்பட்ட மனிதர் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, கையகலக் குஞ்சு ஒன்றின் மூக்கைப் பஞ்சால் துடைத்துவிடுவது.

ரெங்கத்திலிருந்து கடைக்குச் சரக்கு கொண்டுவரும் லோரியில் அது தவறி வந்துவிட்டது. ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்து, அடுத்த லோரியில் திருப்பி அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. பேர் மட்டும் வைக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தார். மறுநாளே அது 'சின்னவர்' ஆகிவிட்டது. லோரி அதன்பின் எத்தனையோ முறை வந்து போய்விட்டது.

இப்போது சின்னவருக்கு மூச்சுத் திணறல். கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, ஓட்டை விசில் மாதிரி ஒரு சத்தம். பெக்கான் நானாஸிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த மிருக டாக்டர் வாசுகி பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து, கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"புகையும் தூசியும் ஆகவே ஆகாது அங்கிள். இப்படியே போனா இந்த வாரம் தாண்டாது."

அன்றோடு வீட்டில் புகைக்குத் தடை. வியாழக்கிழமை சாம்பிராணி நின்றது. கொசுவர்த்தி நின்றது, குடும்பமே கடி வாங்கியது. மீன் பொரிப்பது பின்வாசலுக்குப் போனது. சின்னவர் படுக்கும் பெட்டியிலிருந்த மரத்தூளை வழித்துக் கொட்டிவிட்டுத் தன் புதுக் கைலியை மடித்து விரித்தார். டாக்டர் ஆவி பிடிக்கச் சொன்னதால், குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, சின்னவரோடு தானும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுலைஹாவின் தம்பி ஃபிர்தௌஸ் வாசலில் சிகரெட்டைப் பற்றவைத்தான். பிடுங்கி மிதித்தார்.

"எனக்கு இருமல் வந்தப்ப ஒரு வார்த்தை கேட்டீங்களா மச்சான்?"

"உனக்கு வாய் இருக்கு. நீயே சொல்லிக்குவ. அதுக்கு யார் இருக்கா?"

"வாத்துக்கு நீங்க வக்காலத்து வாங்குறீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல லா!"

அவனையும் சிரிக்க விட்டார்.

ஆனால் ஒன்றுதான் புரியவில்லை. பகலெல்லாம் சின்னவர் நன்றாகவே இருந்தது. சுலைஹாவின் காலடியில் சுற்றியது. கிண்ணத்துத் தண்ணீரை அலகால் அளைந்தது. மாலையில் இவர் கடையிலிருந்து ஓடிவந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வாரி மடியில் வைத்ததும் விசில் தொடங்கிவிடும்.

"பாவம், நான் வர்ற வரைக்கும் தாங்கிக்கிட்டு இருக்கு. என்னைப் பார்த்ததும் அழுவுது," என்பார்.

"எனக்குப் பிரசவ வலி வந்தப்ப கடைய விட்டு வராத மனுஷன்," என்பாள் சுலைஹா.

சனிக்கிழமை மாலை நிலைமை மோசமானது. மடியிலேயே தலை தொங்கிப்போனது. கைலியில் சுற்றி அணைத்துக்கொண்டு காரில் ஏறினார். சுலைஹா ஓட்டினாள். வழி நெடுக அவர் அழுதார். கண்ணில் தூசி என்று சொன்னார்.

வாசுகி ஒரு சொட்டு மருந்து விட்டார். விசில் கொஞ்சம் அடங்கியது.

"வீட்டுல இன்னும் புகை இருக்கு அங்கிள்."

"சத்தியமா இல்ல டாக்டர். பக்கத்து வீட்டுக் குப்பையைக்கூட அணைச்சாச்சு."

"எப்ப அதிகமாகுது?"

"இவர் மடியில ஏறுனா," என்றாள் சுலைஹா.

"பாசம் டாக்டர்," என்றார் ஜெய்னுலாபுதீன்.

அவர் மடியிலிருந்த குஞ்சின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்க வாசுகி குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார்.

"பயப்படாதீங்க, பொழைச்சுக்கும். அதுக்கு ஆகாத புகை உங்க சட்டையிலதான் இருக்கு அங்கிள்."

ஜெய்னுலாபுதீன் தன் தோளை முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"பழகிப்போயிருக்கும். இனிமே குளிச்சு, மாத்திட்டுத் தூக்குங்க." வாசுகி எச்சில் விழுங்கினார். "தப்பா நெனைக்காதீங்க, இந்த வாசனைக்கு எனக்குப் பசிக்குது. அப்படி என்ன கடை வச்சிருக்கீங்க?"

சுலைஹா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெய்னுலாபுதீன் சின்னவரின் தலையை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து மெல்லப் பொத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"புகையில வாட்டின வாத்து, டாக்டர். முழுசாவும் கிடைக்கும், பாதியாவும் கிடைக்கும்."